துணி போர்த்திய ஒலி உறிஞ்சும் பேனல்கள்: சில மழைக்காலங்களுக்குப் பின்

சென்னையில் கடலுக்கு அருகில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில், 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட ஓர் அறையைக் குரல் பதிவுக்கும் இசை கேட்பதற்குமாக ஒதுக்கி, அதற்கான ஒலி உறிஞ்சும் பேனல்களை வீட்டிலேயே செய்து மாட்டிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பேனல் செய்யும் முறையை விளக்குவோர் பலர் இருக்கிறார்கள். மாட்டிய பிறகு, அதிலும் கடலோர ஈரக் காற்றில், அவை என்ன ஆகின்றன என்று சொல்வோர் குறைவு. என் அனுபவத்தில் பேனல்களின் ஒலி உறிஞ்சும் திறன் சற்றும் மங்கவில்லை. அவற்றின் ஆயுளைத் தீர்மானிப்பவை துணியும் மரச்சட்டமும் ஸ்டேப்ளர் பின்னும்தான்.

சிமென்ட் பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குகூட உறிஞ்சுவதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் 1890களில் இருக்கை மெத்தைகளை அரங்குக்குள் கொண்டுவந்து வைத்து அளந்து கண்ட சூத்திரத்தின்படி, அறையின் கொள்ளளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், ஒலி 60 டெசிபல் தணிவதற்கு ஆகும் நேரம் கிடைக்கும். என் அறை 34 கன மீட்டர். கட்டில், அலமாரி, திரைச்சீலை எல்லாம் சேர்ந்து 4 சதுர மீட்டர் உறிஞ்சு பரப்பு என்று கொண்டால் விடை ஏறக்குறைய 1.4 வினாடி. நாலடிக்கு இரண்டடி அளவில் எட்டுப் பேனல்களைச் சேர்த்தால் நடு, மேல் அதிர்வெண்களில் அது 0.6 வினாடியாகக் குறைகிறது. சிறிய அறைகளின் தாழ் அதிர்வெண்களுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது என்றாலும், எத்தனை பேனல் வேண்டும் என்று தச்சரிடம் சொல்வதற்கு இதுவே போதுமானதாக இருந்தது.

பேனலின் உள்ளே வைத்தது, பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் ராக்வுல் பலகை: 50 மில்லிமீட்டர் தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. கொதிகலன்களுக்கும் குழாய்களுக்கும் வெப்பக் காப்புப் பொருள் விற்கும் கடைகளில் இது கிடைக்கும், ஐ.எஸ். 8183 என்ற தரக்குறியீட்டைக் கேட்டு வாங்கலாம். அடர்த்தி கூடினால் உறிஞ்சுதலும் கூடும் என்று கடைக்காரர்கள் 96 கிலோப் பலகையைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இந்தத் தடிமனில் இரண்டுக்கும் காதில் படும்படியான வேறுபாடு இல்லை. கூடுவது எடையும் விலையும்தான். சுருளாக வரும் தளர்வான ராக்வுல்லை மட்டும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் நிமிர்த்தி வைத்தால் அது மெல்லச் சரிந்து அடியில் குவிந்துவிடும். 48 கிலோ அடர்த்தியில் ஒரு பேனலுக்குள் இருக்கும் ராக்வுல் இரண்டு கிலோவுக்கும் குறைவு என்பதால், சட்டத்தோடு சேர்த்தும் இரண்டு கொக்கிகளே தாங்கிக்கொள்கின்றன.

துணியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று தடையின்றி வர வேண்டும் என்ற சோதனையில் தேறும் எந்தத் துணியும் ஒலிக்கு ஏற்றதே. ஆனால் அந்தச் சோதனை துணியின் ஆயுளைப் பற்றி எதுவும் சொல்லாது. நான் ஒப்பிட்டுப் பார்க்கவே பாதிப் பேனல்களுக்குக் கைத்தறிப் பருத்தியும், மீதிக்குப் பாலியெஸ்டர் கலந்த பருத்தியும் போர்த்தினேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றில் ஈரம் ஏறும்போது பருத்தி தளர்ந்து நடுவில் தொப்பை விழுகிறது. பங்குனி வெயிலில் ஓரளவு இறுகினாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கலப்புத் துணி இன்றுவரை தப்பட்டைத் தோல் போல விறைப்பாக நிற்கிறது. பார்வைக்குக் கைத்தறியே அழகு என்பதால் அதை விடவும் மனமில்லை. ஆகவே அதைப் போர்த்துவதற்கு முன் வெந்நீரில் அலசிச் சுருங்கவிட்டு, நெய்தவர் ஏற்றிய கஞ்சி முழுவதும் போகும்படி பிழிந்து காயவைப்பது அவசியம். கஞ்சி தங்கிய துணி இராமபாணப் பூச்சிக்கு விருந்து. துணிக்கும் ராக்வுல்லுக்கும் இடையே நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த மெல்லிய கறுப்பு நான்வோவன் துணி ஒன்றையும் விரிக்க வேண்டும். இழைத்துகள் வெளியே வராமல் தடுப்பதோடு, வெளிர்நிறத் துணியின் வழியே ராக்வுல்லின் பழுப்புப் பச்சை தெரியாமலும் அது மறைக்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை வெளிர்நிறத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏ.சி. காற்று நேராகப் படும் பேனலில், காற்று துணியை ஊடுருவும் இடங்களில் மட்டும் தூசி படிந்து, பின்னால் இருக்கும் சட்டத்தின் வடிவம் முன்பக்கத்தில் சாம்பல் நிறக் கோடாகத் தெரியத் தொடங்கியது. வேக்குவம் கிளீனரை மென்மையான தூரிகையோடு வைத்தால் மேல்தூசி போகிறது, கோடு போவதில்லை.

முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே கவனத்தைக் கேட்கிறது. உறிஞ்சுதலைக் கூட்டுவதற்காகப் பேனலுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளி விட்டிருந்தேன். தாழ் அதிர்வெண்களில் அதன் பயன் உறுதியானது. வெளிச்சுவரில் மழைக்கு ஓதம் ஏறும் வீட்டில் அந்த இடைவெளி பேனலையே காப்பாற்றவும் செய்கிறது, ஏனெனில் சுவரோடு ஒட்டிய பேனலின் பின்துணியில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். அதே இடைவெளிக்குள் பல்லியும் குடியேறும், குளவியும் மண்கூடு கட்டும். அவற்றை விரட்ட ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றித் தட்டி மாட்டுவதைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வேலையோடு சேர்த்துவிட்டேன். அப்படிக் கழற்றிய ஒரு தருணத்தில், ஸ்டேப்ளர் பின் அடித்த வரிசை நெடுக ஒவ்வொரு பின்னையும் சுற்றிச் செங்காவி நிறத்தில் துருவட்டம் பரவியிருந்தது. துணியின் மடிப்பை லேசாக இழுத்ததும் பின்னின் தலை கையோடு வந்தது. இரண்டு கால்களும் மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. சாதாரண இரும்புப் பின் கடற்காற்றுக்கு ஈடு கொடுப்பதில்லை. இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்களையே பயன்படுத்துகிறேன்; விலை அதிகம் என்றாலும் மறுபடி துணி மாற்றும்போது அவை முழுதாகக் கழன்று வருகின்றன. சட்டத்துக்கு நாட்டு ரீப்பர் கட்டையைப் பயன்படுத்துவோர் கரையான் மருந்தை அறுத்த முனைகளிலும் தடவிவிட வேண்டும்.

ஒலியில் கிடைத்த பலனுக்கு வருகிறேன். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே கைதட்டினால் எழுந்த ‘டிர்ர்’ என்ற அதிர்வொலி முதல் நாளே மறைந்தது. மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவர் பதிவு செய்தபோது வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) சொற்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாக விழுந்தன. தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) எழும் கும்கி என்ற தாழ்ந்த ஒலி மட்டும் அறையில் முன்போலவே தேங்கி நின்றது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அதன் கால்பங்கான 85 சென்டிமீட்டரோடு ஒப்பிட்டால் இரண்டு அங்குல ராக்வுல் எம்மாத்திரம்? போதாக்குறைக்கு, அகலமும் உயரமும் ஒரே 10 அடியாக இருப்பதால் 56 ஹெர்ட்ஸ் அருகில் இரண்டு நிலையலைகள் (சுவர்களுக்கிடையே மோதித் திரும்பித் தேங்கும் அலைகள்) ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. மூலைகளில் இரட்டைத் தடிமன் பேனல்களைக் குறுக்காக நிறுத்தி, அவற்றின் பின்னால் காலி இடம் விட்ட பிறகு கும்கி ஓரளவு அடங்கியது. முழுதாக அடங்கவில்லை, இந்த அளவு அறையில் அடங்கும் என்றும் எதிர்பார்க்கவில்லை.

பாடுவோருக்கு வேறொரு தேவை இருக்கிறது. எல்லாச் சுவரையும் மூடிவிட்டால் குரல் திரும்பி வராமல் போக, அவர்கள் அறியாமலே அழுத்திப் பாடி விரைவில் களைத்துவிடுகிறார்கள். அதனால் பாடுபவருக்கு எதிரே உள்ள சுவரை வெறுமையாக விட்டிருக்கிறேன். கூரையில் பேனல் தொங்கவிடும் யோசனைக்கு மின்விசிறி இடம் தரவில்லை.

பேனல்களைப் பார்க்க வருவோர் அனைவரும், தெருவின் ஹாரன் சத்தத்தை இவை தடுக்குமா என்று கேட்கிறார்கள். தடுக்காது. வெளிச்சத்தத்தைத் தடுக்க எடையும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். காற்று ஊடுருவுவதாலேயே இயங்கும் பேனலிடம் அதை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. அதற்குச் செலவிட நினைக்கும் பணத்தைக் கதவிடுக்கு ரப்பருக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் ஒதுக்கலாம்.

ராக்வுல் வெட்டும் அன்று முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் உட்காரக் கூடாது. அரிப்பு இரண்டு நாள் நீடிக்கும். புற்றுநோய் பயத்தில் இதை ஒதுக்குவோருக்கு, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002 மறுஆய்வில் காப்புப் பொருளாகப் பயன்படும் ராக்வுல்லை மனிதர்களுக்குப் புற்றுநோய் விளைவிப்பதாக வகைப்படுத்த இயலாத மூன்றாம் பிரிவில் வைத்தது என்பதைச் சொல்லலாம். தீ விஷயத்திலும் சாதாரண ஃபோம் பலகையைவிட இது மேலானது. ராக்வுல் தானாக எரியாது. அதன்மேல் போர்த்தும் துணி எரியும் என்பதால் குத்துவிளக்கையும் ஊதுவத்தியையும் அந்தச் சுவரோரம் வைப்பதில்லை.

கைத்தறி போர்த்திய பேனல்களுக்கு இந்தக் கோடையில் துணி மாற்றப் போகிறேன். உள்ளே இருக்கும் பலகைகளை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. புதிதாகச் செய்பவர்கள் துணியை நேரடியாகப் பேனலின் சட்டத்தில் பின் அடிக்காமல், தனியே கழற்றும்படியான மெல்லிய முன்சட்டம் ஒன்றில் போர்த்தி அதை மேலே பொருத்திக்கொண்டால், இந்த வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.