‘சைலன்சர் வேலை’ என்று சீட்டு, உள்ளே ஃபில்டரைக் காணோம்: வேலந்தாவளம் பக்கம் லாரி விடுபவர்கள் கவனிக்க

கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கமிருந்து பாலக்காட்டுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் பிஎஸ்-6 (கடுமையான புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலந்தாவளம் தாண்டி, கேரளத்துக்குள் இருக்கும் ஒரு பட்டறையில் எங்கள் வண்டிக்கு நடந்தது இது. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருப்பதால் பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, இதே வேலையைச் செய்யும் பட்டறைகள் எல்லைக்கு ரெண்டு பக்கமும் இருக்கின்றன.

குவாரி வழியில் அடி தட்டி, டர்போவுக்கு அடுத்து வரும் பெல்லோஸ், அதாவது புகைக் குழாயின் வளையும் இணைப்பு, கிழிந்துவிட்டது. காதைப் பிளக்கும் சத்தம், கேபினுக்குள் புகை வாடை, டேஷ்போர்டில் இன்ஜின் லைட், பிக்கப்பும் இல்லை. ஓட்டிக்கொண்டிருந்த மச்சான் லோடை இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் அந்தப் பட்டறையில் நிறுத்தினார். அந்தக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் நம் தமிழ் பேசுபவர்கள் நிறைய, பேச்சுக்குக் குறைவில்லை. “ஃபில்டர் பாக்ஸே போயிருச்சுங்ணா. கம்பெனில மாத்துனா லட்சத்துக்கு மேல ஆகும். நான் பண்ணித் தர்றேன், இனி அந்த லைட்டே எரியாது” என்றாராம் மேஸ்திரி. அந்த வாக்கை மட்டும் அப்படியே காப்பாற்றினார். லைட் அதற்கப்புறம் எரியவே இல்லை. ஏன் எரியவில்லை என்பதுதான் கதை.

புகையைச் சுத்தம் செய்யும் அந்த ஃபில்டர் பாக்ஸை அறுத்து, உள்ளே இருந்த பீங்கான் கட்டிகளை உருவிவிட்டு, வெறும் தகரக் கூடாக வெல்டிங் வைத்திருக்கிறார். லேப்டாப்பை மாட்டி இன்ஜின் புரோகிராமை மாற்றி, கோளாறு லைட்டை அணைத்துவிட்டார். கையில் கொடுத்த சீட்டில் ‘சைலன்சர் வேலை’ என்று ஒரே வரி. கழற்றிய பொருளைக் கேட்டதற்கு, “அது வெறும் சாம்பல்ணா, கொட்டிட்டோம்” என்று பதில். அது சாம்பல் இல்லை. புகையைச் சுத்திகரிக்கும் அந்தக் கட்டிகளின் மேல் பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு இருக்கும். பழைய இரும்புக் கடைக்காரர்கள் அதைத் தனியாகத் தேடி வாங்குகிறார்கள். எங்களிடம் கூலியும் வாங்கிக்கொண்டு, எங்கள் சரக்கையும் விற்றிருக்கிறார்.

சிக்கியது கேரள மோட்டார் வாகனத் துறையின் சாலைச் சோதனையில். அதிகாரி முதலில் கருவி எதுவும் எடுக்கவில்லை. வால் குழாய்க்குள் துணியை விட்டுத் துடைத்தார், கரி அப்பிக்கொண்டு வந்தது. ஃபில்டர் சரியாக வேலை செய்யும் பிஎஸ்-6 வண்டியில் குழாயின் உள்பக்கம் கிட்டத்தட்ட சுத்தமாகவே இருக்கும். அப்புறம் பாக்ஸைத் தட்டிப் பார்த்தார், காலி டப்பா சத்தம். புகை சர்டிபிகேட்டை நீட்டினோம், செல்லுபடியாகும் சர்டிபிகேட்தான். அது புகை அளவுக்கான காகிதம், பாகத்தைக் கழற்ற அனுமதிச் சீட்டு இல்லை என்று சொல்லிவிட்டு செல்லான் போட்டார்.

பட்டறைக்காரர் மச்சானிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: “தமிழ்நாட்டு வண்டிக்கு கேரளாக்காரன் இதெல்லாம் பாக்கமாட்டான்.” சுத்தப் பொய். வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையில் எந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டினாலும் அதே 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டமும் 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளும்தான். விதி 120-இன்படி எல்லா வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம். எக்ஸாஸ்ட் குழாய் டீசல் லைனுக்கு 35 மில்லிமீட்டருக்குள் வரக்கூடாது என்கிறது விதி 113. எங்கள் வண்டியில் அந்த ஆள் வளைத்து வெல்டிங் வைத்த குழாய் டீசல் ஹோஸை உரசிக்கொண்டு போயிருந்தது. அபராதத்தைவிட எனக்குக் குலை நடுங்கியது அதைப் பார்த்தபோதுதான்.

தண்டனை விஷயத்தில் பலருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. பிரிவு 190(2), சத்தம், புகை, சாலைப் பாதுகாப்புத் தரத்தை மீறிய வண்டியை ஓட்டியவரோடு, ஓட்ட விட்டவரையும் சேர்த்தே பிடிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். லைசென்ஸுக்கும் 3 மாதம் தகுதியிழப்பு. மறுபடி சிக்கினால் சிறை 6 மாதம் வரை போகலாம். வண்டியை மாற்றியமைத்த ஓனருக்குப் பிரிவு 182ஏ(4) தனியாக இருக்கிறது: 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ரெண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. வெல்டிங் வைத்தவர் ஹாயாகப் பட்டறையில் இருக்க, ரோட்டில் மாட்டுவது டிரைவரும் ஓனரும்தான்.

பிறகு கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டினோம். அடிபட்டிருந்தது பெல்லோஸும், ஃபில்டருக்குப் போகும் ஒரு சென்சார் குழாயும் மட்டும்தான் என்றார்கள். ஃபில்டரில் கரி அடைத்திருந்தாலும் முதலில் எரித்துச் சுத்தம் செய்துதான் பார்ப்பார்களாம், எடுத்ததும் அறுக்கமாட்டார்களாம்.

உங்கள் வண்டியை நீங்களே சோதிக்கலாம். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் லைட் ஒரு தடவை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கலாம். யூரியா டேங்கில் ஊற்றும் டெஃப், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல், டீசலோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். வாரக்கணக்கில் ஊற்றாமலே ஓடினால் சந்தோஷப்படாதீர்கள், அந்த லைனையும் கட் பண்ணியிருக்கலாம். வால் குழாயை இன்ஜின் ஆறிய பிறகு துடைத்துப் பாருங்கள். கேபினில் புகை வாடை வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமாளித்து ஓட்டாதீர்கள். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, ராத்திரி வண்டியில் படுப்பவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

பட்டறைக்குப் போனால், கழற்றும் பொருள் என்னவென்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள், பழையதைக் கையில் வாங்குங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், கேட்டாக வேண்டும்.

பணத்துக்காக நாங்கள் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். பட்டறை கேரளத்தில்தானே, பாலக்காட்டுக்கு அலைய வேண்டுமா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை, கெடு 2 வருடம். வியாபார வண்டிக்கு இது பொருந்தாது என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டும் வண்டிக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. நானும் மச்சானும் மாறி மாறி ஓட்டுவதை மனுவிலேயே எழுதியிருக்கிறோம்.

இதே மாதிரி ஏமாந்தவர்கள் அவசரப்பட்டுப் புது பாக்ஸ் மாட்டிவிடாதீர்கள். அதற்கு முன்னால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்கி, அறுத்த வெல்டிங்கை வண்டி நம்பரோடு சேர்த்து போட்டோ எடுத்துவிடுங்கள். மாட்டிய பிறகு காட்டுவதற்கு ஆதாரம் எதுவும் மிஞ்சாது.