டார்பன் செட்: பல சீசன் உழைத்த பிறகு எழுதுவது

ஃப்ளோரிடாவின் தென்மேற்குக் கரையில் மே மாதம் பிறந்தால் டார்பன் என்ற பெரிய கடல் மீன் கூட்டம் கூட்டமாக வந்துவிடும். போகா கிராண்டே பாஸ் (உள்கடலும் வெளிக்கடலும் சேரும் நீர்வாய்), அதை ஒட்டிய கடற்கரை ஓரம், எப்போதாவது கீஸ் தீவுகளின் பாலங்கள் என்று எங்கே போனாலும் பல சீசன்களாக நான் எடுத்துப்போவது ஒரே செட்தான்: ஏழரை அடி ஹெவி ராடு, 8000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 65 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னிய லைன்), அதன் முனையில் ஹூக்குக்கு முன்னால் கட்டும் 80 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர், 7/0 சர்க்கிள் ஹூக் (வட்டமாக வளைந்த தூண்டில் முள்). புதிதாக இறங்குகிறவர்கள் பலரும் கேட்பது, "இவ்வளவு கனமா? லைட் செட்டில் பிடித்தால்தானே விளையாட்டு?" என்றுதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டார்பனுக்கான செட்டை நான் ஒரே கேள்வி வைத்துத்தான் எடை போடுவேன்: மீனை எவ்வளவு சீக்கிரம் படகோரம் கொண்டுவருகிறது?

காரணம் இருக்கிறது. இந்த மீனை யாரும் சமைப்பதற்காகப் பிடிப்பதில்லை. ஃப்ளோரிடாவில் 2013 முதல் டார்பனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பதுதான் சட்டம். சாதனைப் பதிவுக்காக வைத்துக்கொள்வதென்றால் மட்டும் சுமார் 50 டாலர் கொடுத்து முன்கூட்டியே டேக் என்ற அனுமதி வாங்க வேண்டும், அதுவும் ஆளுக்கு வருடத்துக்கு ஒன்று. பெண் மீன் முட்டையிடும் வயதுக்கு வரவே பத்து வருடம் போல ஆகும். ஐம்பது வருடத்துக்கு மேலும் வாழும். நூறு பவுண்டைத் தாண்டிய ஒன்று தூண்டிலில் மாட்டினால், அது நம்மில் பலரைவிட மூத்ததாகக்கூட இருக்கலாம். லைட் லைனில் இரண்டு மணி நேரம் இழுத்தடித்து, துவண்டுபோனதைத் தண்ணீரில் விட்டால், நீந்திப் போவதுபோலத் தெரியும். கொஞ்ச தூரத்திலேயே சுறா காத்திருக்கும்.

செட்டில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஹூக்தான். டார்பனின் வாய் உள்ளுக்குள் முழுக்க எலும்பு. சாதாரண ஜே வடிவ முள்ளை எவ்வளவு வேகமாக வெட்டி இழுத்தாலும், முனை எலும்பில் பட்டு வழுக்கிவிடும், அல்லது நுனி மட்டும் ஏறி முதல் துள்ளலிலேயே பறந்துவிடும். சர்க்கிள் ஹூக்கின் முனை உள்பக்கமாக, தண்டை நோக்கி வளைந்திருக்கும். மீன் இரையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஹூக் வாய்க்குள் வழுக்கி வந்து தாடையின் ஓரத்தில், மேல் தாடையும் கீழ்த் தாடையும் சேரும் மடிப்பில் மாட்டிக்கொள்ளும். அங்கேதான் சதை இருக்கிறது. தொண்டையில் போய்க் குத்துவது அபூர்வம். ஆனால் கை சும்மா இருக்க வேண்டும். கடி விழுந்ததும் ராடைச் சட்டென்று மேலே வெட்டி இழுத்தால் ஹூக் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். லைன் தானாக இறுகும்வரை ரீலை மட்டும் சுற்ற வேண்டும். வேறு மீன்களுக்கு வருடக்கணக்காக வெட்டி இழுத்துப் பழகிய கைக்கு இது எளிதில் வராது.

இரையை ஹூக்கில் ஏற்றும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. நண்டு என்றால் ஓட்டின் பக்கவாட்டுக் கூர்முனை வழியாக, கீழிருந்து மேலாக முள்ளை ஏற்றுவேன். நண்டு சாகாது, கால் அடித்து நீந்தும். மடவை என்றால் மேலுதடு. எதுவானாலும் ஹூக்கின் வாய் திறந்து இருக்க வேண்டும். பெரிய நண்டு அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் ஹூக் மாட்டவே மாட்டாது, அதற்கு ஒரு சைஸ் ஏற்ற வேண்டும். துருப்பிடிக்காத எஃகு ஹூக்கை நான் தொடுவதில்லை. அறுந்துபோனால் சாதாரண ஹூக் மீனின் வாயிலேயே துருவேறி உதிர்ந்துவிடும். பெட்டியில் இருப்பதும் துருப்பிடிக்கிறதே என்றால், ஆமாம், பிடிக்கும். அடிக்கடி புதிது வாங்குவேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்து துள்ளல். மாட்டிய சில விநாடிகளில் முழு மீனும் தண்ணீரைவிட்டு வெளியே வரும். தலையை இடமும் வலமும் உதறும்போது செவுள் மூடிகள் அடித்துக்கொள்ளும் சத்தம் படகில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். அந்த நேரத்தில் லைன் விறைப்பாக இருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: உதறலில் ஹூக் பறக்கும், அல்லது மீன் தன் மொத்த எடையோடு லைன்மேல் விழுந்து லீடர் அறும். அதனால் மீன் மேலே வரும்போதே ராடின் நுனியை அதை நோக்கி நீட்டி, இடுப்பை வளைத்து, லைனுக்குத் தொய்வு கொடுக்க வேண்டும். தண்ணீருக்குள் விழுந்த மறுகணம் மீண்டும் இறுக்க வேண்டும். என் நண்பன் இன்றும் ஒவ்வொரு துள்ளலுக்கும் "தாழ்த்துடா, தாழ்த்துடா!" என்று பின்னாலிருந்து கத்துவான். பிரெய்டு நைலான்போல நீளாது. அதனால் இந்தத் தொய்வு பிரெய்டில் இன்னும் முக்கியம்.

லீடரைப் பற்றி: டார்பனுக்கு அறுக்கும் பல் கிடையாது. ஆனால் தாடை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், சண்டை முழுக்க லீடரை அராவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் ஹூக்குக்கு மேலே இரண்டு அடியை நகத்தால் தடவிப் பார்ப்பேன். கொஞ்சம் சொரசொரப்பு தெரிந்தாலும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுவேன். தெளிந்த தண்ணீரில், கடற்கரை ஓரமாகப் பகலில் போகும் மீன்கள் லீடரைப் பார்த்து ஒதுங்கும். அங்கே 60 பவுண்டுக்கு இறங்குவேன். இரவிலும் பாஸிலும் 80 தான். பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு. ராடின் வளையங்களில் இடறாமல் போகிறது, சரியாகக் கட்டினால் நழுவுவதில்லை.

ரீலில்தான் பணத்தைப் போட வேண்டும். ராடு நடுத்தர விலையில் இருந்தாலும் சமாளிக்கலாம். இதற்கு முன் வைத்திருந்த ஒரு மலிவு ரீலில் டிராக் (லைன் ஓடுவதைத் தடுத்துப் பிடிக்கும் பிரேக்) விட்டு விட்டுப் பிடித்தது. மீன் ஓடும்போது லைன் சீராகப் போகாமல் குலுங்கும், அந்தக் குலுக்கலிலேயே நல்ல மீன்கள் போயின. இப்போது இருப்பதில் கார்பன் வாஷர்கள். தராசு மாட்டி சுமார் 15 பவுண்டுக்கு டிராக்கை வைத்துக்கொள்கிறேன். கூடுதல் அழுத்தம் வேண்டும்போது உள்ளங்கையை ஸ்பூலில் (லைன் சுற்றியிருக்கும் உருளையில்) வைப்பேன். உப்புத் தண்ணீருக்கு ஒரே வைத்தியம் நல்ல தண்ணீர்தான்: வீடு வந்ததும் டிராக்கை இறுக்கி, மெதுவான தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை வாஷருக்கு கிரீஸ். இவ்வளவு போதும், இன்றும் வெண்ணெய்போல ஓடுகிறது.

சண்டையில் இந்தச் செட்டின் பலம் தெரிவது ராடைத் தாழ்த்திப் பிடிக்கும்போது. ராடை வானத்தை நோக்கி நிமிர்த்தி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், மீனுக்கு ஒன்றும் ஆகாது. நுனியைத் தண்ணீருக்கு அருகில் வைத்து, மீன் இடப்பக்கம் போனால் வலப்பக்கமும், வலப்பக்கம் போனால் இடப்பக்கமும் இழுத்துத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், டார்பன் காற்றையும் சுவாசிக்கும். அதன் காற்றுப்பை நுரையீரல்போல வேலை செய்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தால் புது மீனாகிவிடும். அது மேலே உருளப்போகிறது என்று தெரிந்ததும் பக்கவாட்டில் அழுத்தி இழுத்து, தலையைக் கீழேயே வைக்கப் பார்ப்பேன்.

போகா கிராண்டேயில் பெரிய சவால் கொம்பன் சுறாவும் புல் சுறாவும். டார்பனைத் தேடித்தான் அவையும் வருகின்றன. சுறா பின்தொடர்வது தெரிந்தால் யோசிக்கவே கூடாது. லைனைத் தடையின்றி ஓடவிட, ரீலின் பெயிலை (லைனைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தை) திறந்துவிட வேண்டும். இழுப்பு நின்றால் டார்பன் முழு வேகத்தில் தப்ப ஒரு வாய்ப்பு உண்டு. சுறா விடவில்லை என்றால் லைனை அறுத்துவிட வேண்டும். படகோரம் வந்த மீனைப் படத்துக்காகப் பிடித்துவைத்து, அது கண்ணெதிரே இரண்டாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படம் யாருக்கும் வேண்டாம்.

இன்னொரு சவால் நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், மாலையில் தண்ணீர் வேகமாக வெளியே வற்றும்போது, உள்ளே இருக்கும் நண்டுகள் மிதந்து பாஸ் வழியாகக் கடலுக்குப் போகும். அப்போது டார்பன் வாயைத் திறந்துகொண்டு மேலேயே நிற்கும். மற்ற நேரத்தில் நூற்றுக்கணக்கில் கண்முன்னே உருண்டாலும் எதையும் தொடாது. எந்த செட்டும் அதற்கு உதவாது. பாஸில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு படகிலிருந்து மூன்று லைனுக்கு மேல் போடக்கூடாது என்ற விதியும் உண்டு. கூட்டத்தைப் பார்த்தால் அது ஏன் என்று புரியும்.

விடும்போது, 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்கவே கூடாது, சட்டம் அப்படி. கீழ்த் தாடையைப் பிடித்து, முகத்தை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, படகை மெல்ல நகர்த்தினால் செவுள் வழியாகத் தண்ணீர் ஓடும். வால் தானாக அடித்துத் திமிறும்வரை விடுவதில்லை.

இந்த செட் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கீஸ் பாலங்களுக்கு அடியில் இரவில் மீன் தூணைச் சுற்றி ஓடினால் 65 பவுண்டு பிரெய்டு உரசி அறும். அங்கே 10000 சைஸ் ரீலும் 80 பவுண்டு பிரெய்டும் எடுங்கள், நங்கூரக் கயிற்றில் மிதவை போட்டுப் படகைக் கட்டி, மீன் மாட்டியதும் கயிற்றை மிதவையோடு கழற்றிவிட்டு மீனைத் துரத்திப் போங்கள். அலையாத்திக் காடுகளின் உள்வாய்க்கால்களில் இருக்கும் குட்டி டார்பன்களுக்கு இது அதிகம். 4000 சைஸ் ரீல், 20 பவுண்டு பிரெய்டு, 40 பவுண்டு லீடர் தாராளம்.