தளங்களை எண்ணுவதற்கு வாங்கிய பைனாகுலர்: கொடைக்கானலில் பதினான்கு மாதப் பயன்பாடு

பறவை பார்ப்பதற்கென்று பைனாகுலர் வாங்குகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. நான் வாங்கியது ஒரு கட்டடத்தின் தளங்களை எண்ணுவதற்காக. எங்கள் வீட்டின் பின்வாசலில் நின்றால் கீழே ஒரு பள்ளமும் அதைத் தாண்டி எதிர்மலையின் சரிவும் தெரியும். சென்ற ஆண்டு தொடக்கத்தில் அந்தச் சரிவின் உச்சியில், சாலையை ஒட்டி, யூகலிப்டஸ் மரங்களை வெட்டி மண்ணைக் குடையத் தொடங்கினார்கள். அங்கே வைத்த பலகையில் இரண்டு தளத் தங்கும் விடுதி என்று எழுதியிருந்தது. சந்தையில் ஐந்து என்றார்கள், முடிதிருத்தகத்தில் ஏழு என்றார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு, ஒரே பொருளுக்கு மூன்று எண்ணிக்கை சொல்லப்படுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மலைச்சரிவில் கட்டடத்தை எண்ணுவது சமவெளியில் எண்ணுவதைப் போன்றதன்று. சிறு வயதில் என் தந்தை மவுண்ட் ரோட்டுக்கு அழைத்துச் சென்று எல்.ஐ.சி. கட்டடத்தைக் காட்டியபோது, கழுத்து வலிக்க அண்ணாந்து பதினைந்து மாடிகளையும் விரல்விட்டு எண்ணினேன். 1959 இல் திறக்கப்பட்டபோது அதுவே இந்தியாவின் மிக உயரமான கட்டடம். கொடைக்கானலில் அப்படி அண்ணாந்து பார்த்தால் ஏமாந்துவிடுவோம். சாலை மலையின் மேல்விளிம்பில் போகும். கட்டடம் அந்த மட்டத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும். சாலையில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டு தளங்கள் மட்டுமே படும், அவற்றுக்குக் கீழே சரிவோடு சரிவாக மேலும் மூன்றோ நான்கோ ஒளிந்திருக்கலாம். முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் பள்ளத்துக்கு இப்பால் வர வேண்டும். இப்பால் வந்தாலோ தூரம் தடுக்கிறது. வரைபடத்தில் அளந்தபோது எங்கள் பின்வாசலுக்கும் அந்த இடத்துக்கும் ஏறக்குறைய 1,100 மீட்டர் இருந்தது. கோக்கர்ஸ் வாக் என்னும் மலைவிளிம்பு நடைபாதையில் உள்ள தொலைநோக்கி நிலையம் உதவுமா என்று ஒரு நாள் போய்ப் பார்த்தேன்; பெரியகுளம் ஊரும் வைகை அணையும் நன்றாகத் தெரிந்தன, எங்கள் பள்ளம் அது திரும்பும் திசையிலேயே இல்லை.

நான் தேர்ந்தெடுத்தது 8×42 வகை. விலை பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், ஏனெனில் கீழே ஒரு மனத்தாங்கலும் வருகிறது. இந்த விலையில் கிடைக்கும் 8×42 கருவிகள் அனைத்துக்கும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். முதல் எண் எத்தனை மடங்கு நெருங்கிக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கிறது. 1,100 மீட்டரில் இருப்பதை எட்டால் வகுத்தால், கட்டடம் 140 மீட்டருக்குள் நிற்பதைப் போலத் தோன்றும். 42 ஐ எட்டால் வகுத்தால் வருகிற 5.25 மில்லிமீட்டர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். விடியற்காலையிலும் மேகம் கவிந்த மாலையிலும் பார்ப்பதற்கு இந்த அகலம் மிகவும் முக்கியம். பத்து மடங்கு காட்டும் 10×42 இல் இது 4.2 ஆகச் சுருங்கிவிடும். கடைக்காரர் பத்து மடங்கையே வற்புறுத்தினார். கையில் வாங்கிப் பார்த்தேன். என் வயதுக் கைகளின் நடுக்கமும் பத்து மடங்காகிவிட்டதால் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் இன்னொரு எண்ணையும் படிக்க வேண்டும். கண்வில்லையிலிருந்து எவ்வளவு தூரம் வரை கண்ணைத் தள்ளி வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்று சொல்கிற எண் அது. என் கருவியில் 17 மில்லிமீட்டர். ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டுக் கண்ணாடியோடே பார்க்க முடிகிறது. இதைக் கவனிக்காமல் முன்பு உறவினர் ஒருவர் வாங்கித் தந்த கருவியில் எனக்குச் சாவித்துவாரம் அளவே உலகம் தெரிந்தது.

கருவி வந்தும் முதல் இரண்டு மாதங்கள் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்தது, புரியவில்லை. பக்கத்து வீட்டு மேஸ்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க சுவரை எண்றீங்க. சுவரை விடுங்க, தூண் தலையில கம்பி நிக்குதா பாருங்க" என்றார். மேல்தளம் போட்டு முடித்த பிறகும் தூண்களின் கம்பியை வெட்டாமல் ஆள் உயரத்துக்கு விட்டு வைத்திருந்தால், அதற்கு மேலே இன்னொரு தளம் எழுப்பும் எண்ணம் இருக்கிறது என்று பொருள். 1,100 மீட்டர் தூரத்தில் விரல் தடிமனுள்ள ஒரு கம்பியை எட்டு மடங்குக் கருவி தனித்துப் பிரித்துக் காட்டாது; ஆனால் வெளுத்த வானத்துக்கு எதிரே கம்பிக்கட்டு ஒரு தேய்ந்த துடைப்பம்போலக் கருமையாக நிற்பது நன்றாகவே தெரிந்தது. அதன் பிறகு சாரம் எது, கான்கிரீட் இறுகும்வரை தளத்தைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் முட்டு எது என்று பிரிக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார். முட்டுகள் அடர்ந்து நிற்கும் தளத்துக்கு மேலே கான்கிரீட் போட்டிருக்கிறார்கள், அல்லது போடப்போகிறார்கள். முட்டு பிரித்த தளம் கணக்கில் சேர்ந்துவிட்ட தளம். இத்தனையும் சொல்லித் தந்த மேஸ்திரியின் மகன் அந்தக் கட்டடத்தில்தான் சென்ட்ரிங் வேலை செய்கிறான் என்பது எனக்கு ஏழு மாதம் கழித்தே தெரிந்தது. "அவனுக்கு வேலை அங்க, எனக்குக் கண்ணு இங்க, என்ன சார் செய்றது" என்றார்.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். இந்த ஊரில் இரண்டு தளங்களே அனுமதிக்கத்தக்க ஓரிடத்தில் ஏழு தளங்களுடன் எழுந்த பிளசன்ட் ஸ்டே விடுதியின் கதையை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சில் எதிர்த்து நடத்திய வழக்கு 1995 இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த விடுதிக்கு விதிவிலக்கு வழங்கியது தொடர்பான தனி வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதை எதிர்த்து மூண்ட கலவரத்தில் அன்றே தருமபுரியில் பேருந்து எரிக்கப்பட்டு வேளாண் கல்லூரி மாணவியர் மூவர் இறந்தனர். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. டெல்லியை அடுத்த நொய்டாவில் விதி மீறி எழுந்த, ஏறக்குறைய நூறு மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்களை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் அதே வளாகத்தில் குடியிருந்தவர்கள். 2014 இல் அலகாபாத் உயர் நீதிமன்றமும் 2021 இல் உச்ச நீதிமன்றமும் இடிக்கச் சொல்லி, 2022 ஆகஸ்ட் 28 அன்று 3,700 கிலோ வெடிமருந்தால் அவை சில நொடிகளில் தரைமட்டமாயின. முதல் தீர்ப்பிலிருந்து எண்ணினாலே எட்டு ஆண்டுகள். எழும்பிய பிறகு இறக்குவது எவ்வளவு பாடு என்பது தெரிந்துதான், எழும்பும்போதே எண்ணி வைப்போம் என்று நினைத்தேன்.

பார்க்கும் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பின்வாசல் கிழக்கு நோக்கியது. காலை ஆறரைக்கு முன் வானம் வெளுத்திருக்கும், சூரியன் எழுந்திருக்காது. கம்பிகளைப் பார்க்க அதுவே நேரம். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் கட்டடத்தின் முகத்தில் விழும்போது தளங்களை எண்ணலாம். நடுப்பகலில் பள்ளத்திலிருந்து கானல் எழுந்து விளிம்புகள் நெளியும். எவ்வளவு விலையுயர்ந்த வில்லையாலும் அதைத் தடுக்க முடியாது. கிழக்குப் பார்த்துப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: சூரியன் எட்டிப்பார்த்ததும் கருவியை இறக்கிவிட வேண்டும். சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899 இலிருந்து இந்த மலையில் ஒரு வானாய்வகம் இயங்குகிறது. அவர்களிடம் உள்ள ஏற்பாடுகள் நம் கையில் உள்ள பைனாகுலரில் இல்லை.

மேகம் இறங்கிவிட்டால் பேச்சே இல்லை. ஜூலையில் பதினோரு நாள் தொடர்ந்து எதிர்மலையே காணாமற்போயிற்று. விலகியபோது ஒரு தளம் கூடியிருந்தது. ஆனால் ஈரத்தால் கருவிக்கு எந்தக் கேடும் வரவில்லை என்பதைப் பாராட்டியே ஆக வேண்டும். உட்புறத்தில் நைட்ரஜன் வாயு அடைத்து மூடியிருப்பதால், குளிரிலிருந்து அடுப்பங்கரைச் சூட்டுக்குக் கொண்டுவரும்போது வெளிவில்லைகள் மட்டும் வியர்க்கின்றன; துடைத்தால் போய்விடுகிறது. இரண்டு மழைக்காலம் கடந்தும் உள்ளே பூஞ்சை பிடிக்கவில்லை.

இனி மனத்தாங்கல். இரு கண்களின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்யும், வலக்கண்ணுக்குரிய திருத்த வளையம் ஐந்தாம் மாதத்தில் தளர்ந்து, கழுத்தில் தொங்கவிட்டு நடந்தாலே தானாகச் சுழன்றுவிடுகிறது. பழுதுபார்க்க அனுப்பினேன், ஆறு வாரம் கழித்து, "சோதித்தோம், குறை இல்லை" என்ற சீட்டோடு அப்படியே திரும்பி வந்தது. அந்த ஆறு வாரத்தில் எதிரே என்ன நடந்தது என்பது என் குறிப்பேட்டில் வெற்றிடமாக இருக்கிறது. இப்போது சரியான இடத்தில் வளையத்தை நிறுத்தி, மின்வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை ஒட்டி வைத்திருக்கிறேன். முன்வில்லை மூடிகளும் தொளதொளவென்றிருக்கின்றன. ஒன்று பள்ளத்தில் விழுந்துவிட்டது.

இன்னொரு குறை கருவியுடையதன்று, என் எதிர்பார்ப்பினுடையது. நான் பார்த்தது எனக்கு மட்டுமே தெரியும். கட்டடத்தைப் பற்றி முறையீடு எழுதியபோது, "படம் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். கைப்பேசியைக் கண்வில்லையோடு பொருத்தும் தாங்கி ஒன்றை எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினேன். அதில் எடுத்த படங்களில் நடுவட்டம் மட்டும் சுமாராகவும் ஓரங்கள் குழம்பியும் இருந்தன. எந்தத் தளம் எங்கே முடிகிறது என்று நானே விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. பதிவுக்காக வாங்குகிறவர்கள் பைனாகுலரை விட்டுவிட்டு, நீண்ட ஜூம் உள்ள கேமராவையும் முக்காலியையும் வாங்கட்டும். நாள், மணி, முட்டு நிற்கும் தளம், கம்பி உண்டா இல்லையா என்று எழுதி வைப்பதற்கு எனக்கு இது போதும். வழியில் இருக்கும் வீடுகளின் சன்னல்களை வட்டத்துக்குள் கொண்டுவராமல் தாண்டிப் போகவும் பழகிக்கொண்டேன். கீழ்வீட்டு அம்மா ஒருமுறை கொடியில் துணி போட வந்து, என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்கள். மறுநாளே அவர்கள் வீட்டுக்குக் கருவியைக் கொண்டுபோய், நான் பார்ப்பதை அவர்களும் பார்க்கும்படி கொடுத்தேன். அவர்கள் ஒரு தளம் கூடுதலாக எண்ணினார்கள். அடுத்த நாள் மாலை வெயிலில் நான் மறுபடி எண்ணியபோது அவர்கள் சொன்னதே சரியாக இருந்தது.

இதை எழுதும் வாரத்தில் குறிப்பேட்டில் இருப்பது: சாலை மட்டத்துக்கு மேல் இரண்டு, கீழே மூன்று, உச்சியில் கம்பி வெட்டப்படவில்லை. செவ்வாய்க்கிழமை முதல் பள்ளத்தைப் பார்த்த பக்கம் முழுவதையும் நீலத் தார்ப்பாயால் மூடியிருக்கிறார்கள். காலைக் காற்றில் அதன் கீழ்முனை தூக்கும்போது முட்டுகள் தெரிகின்றன. கைகள் ஆடாமலிருக்கக் கருவியைத் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்துப் பார்க்கிறேன்.