சூடு பண்ணாத சாயங்காலச் சாப்பாடு: பிரித்த தட்டா, சாண்ட்விச்சா, கலவைக் கிண்ணமா?

என் மகளுக்கு நாலு வயது. மதியம் காப்பகத்தில் சூடாகச் சாப்பிட்டுவிடுகிறாள். சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குள் நுழையும்போது பசியும் தூக்கமும் ஒன்றாக வந்திருக்கும், நான் அடுப்பைப் பற்றவைத்து ஏதாவது செய்து முடிக்கிற அந்த இருபது நிமிடத்துக்குள் அழுகை ஆரம்பித்துவிடும். தட்டு வந்தால் "சுடுது" என்பாள், ஊதி ஊதி ஆற்றுவதற்குள் சாப்பிடும் மனநிலையே போய்விடும். அதனால் எட்டு மாதமாக வாரத்தில் ஐந்து நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் அடுப்பு கிடையாது. மூன்று வழிகளில் செய்து பார்த்தோம், ஒன்றில் நிலைத்துவிட்டோம்.

குழந்தைக்கு ஆறின சாப்பாடு போதுமா என்ற கவலை எனக்கும் இருந்தது. சத்து உணவில் இருக்கிறது, சூட்டில் இல்லை. மாவுச்சத்து, புரதம், காய், பழம், கொஞ்சம் கொழுப்பு இவை தட்டில் இருந்தால் அது முழுச் சாப்பாடுதான். இன்னொன்றும் கவனித்தேன். சூடான உணவிலிருந்து மணம் அதிகம் எழும். மணத்துக்கே முகம் சுளிக்கிற குழந்தைகள் அதே உணவை ஆறியபின் வாயில் வைப்பது உண்டு. இவள் சூடான முட்டையைப் பக்கத்தில்கூட வர விடமாட்டாள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த அவித்த முட்டையைச் சாப்பிடுவாள்.

முதலில் சாண்ட்விச். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், கையில் பிடித்துச் சாப்பிடலாம், வண்டியில் போகும்போது கொடுக்கலாம், பாத்திரம் சேராது. காய் நீர் விட்டு ரொட்டி நனையாமல் இருக்க இரண்டு துண்டின் உள்பக்கமும் வெண்ணெய் தடவிவிடுங்கள், வெள்ளரிக்காயின் நடு விதையை எடுத்துவிடுங்கள். ரொட்டி, சீஸ், பதப்படுத்திய இறைச்சி மூன்றிலுமே உப்பு இருப்பதால் தினமும் அதையே கொடுத்தால் உப்பு ஏறிவிடும். ஒரு நாள் முழுக்கச் சேர்த்து 1 முதல் 3 வயது வரை 2 கிராம், 4 முதல் 6 வரை 3 கிராம், இதற்கு மேல் வேண்டாம் என்பதுதான் பிரிட்டனில் சொல்லும் அளவு.

சாண்ட்விச்சை நாங்கள் விட்டதற்குக் காரணம் உப்பு இல்லை. இவள் அதைப் புத்தகம் மாதிரி திறப்பாள். சீஸில் ஒட்டியிருக்கும் துருவிய கேரட்டை நகத்தால் ஒவ்வொரு இழையாகச் சுரண்டுவாள், பாதி வந்ததும் மீதி உள்ளே போய் அழுந்திக்கொள்ளும், "அப்பா, இது ஈரமா இருக்கு" என்று மூடி வைத்துவிடுவாள். நாலு இழை கேரட்டுக்காக ரொட்டி, சீஸ், முட்டை எல்லாம் சேர்ந்து போச்சு. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் முடிவு முழுக்க இதில்தான் நிற்கிறது.

அடுத்தது கலவைக் கிண்ணம். வேகவைத்த பாஸ்தா அல்லது சாதம், அதில் காய், பயறு, கோழித் துண்டு, கொஞ்சம் எண்ணெய், எலுமிச்சைச் சாறு. ஒரு தடவை செய்தால் பாஸ்தாவென்றால் இரண்டு நாளைக்கு வரும், அதுதான் இதன் பலம். நாங்கள் மூன்று வாரம்தான் முயன்றோம், அதனால் இதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் வீட்டுப் பையன் இதைத்தான் கரண்டி கரண்டியாக அள்ளிச் சாப்பிடுகிறான், கலந்த உணவை ஏற்கிற குழந்தைக்கு இதைவிடச் சுலபம் இல்லை. எங்கள் வீட்டில் தக்காளியின் சாறு ஒரு பக்கம் பட்டால் கிண்ணம் முழுக்கத் தக்காளி என்று அர்த்தம்.

சாதத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை, இது ருசி விஷயம் இல்லை. அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சாதம் வெளியே கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அதனால் வடித்தவுடன் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளைக்குள் முடித்துவிட வேண்டும். மதியம் மேஜையில் இருந்த சாதத்தைச் சாயங்காலம் கலந்து கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

நடுவில் தயிர்க் கிண்ணமும் உண்டு: சர்க்கரை இல்லாத தயிர், ஊறவைத்த ஓட்ஸ், பழம். அவசரத்துக்கு நல்லது. வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வைப்பதில்லை, ஏனென்றால் பாலிலும் தயிரிலும் இரும்புச்சத்து மிகக் குறைவு, அதிலேயே வயிறு நிரம்பிவிட்டால் முட்டைக்கும் பயறுக்கும் இடம் இருக்காது.

இப்போது நாங்கள் நிலைத்த இடம், பிரித்த தட்டு. ஐந்து குழி உள்ள தட்டு. ஒன்றில் வயிறு நிரப்புவது: ரொட்டித் துண்டு, அவித்த உருளைக்கிழங்கு, வெறும் பாஸ்தா. ஒன்றில் புரதம்: முட்டை, கொண்டைக்கடலை, உதிர்த்த கோழி, சீஸ். ஒன்றில் காய், ஒன்றில் பழம். ஐந்தாவது குழி சின்னது, அது புதியதுக்கு. ஐந்தில் குறைந்தது இரண்டு இவள் நிச்சயம் சாப்பிடுகிற பொருளாக இருக்கும், அவற்றை மட்டும் சாப்பிட்டாலும் பசியோடு படுக்கமாட்டாள் என்ற நிம்மதி எனக்கு.

சாண்ட்விச்சில் நாலு இழை கேரட் மொத்தச் சாப்பாட்டையும் கவிழ்த்தது. தட்டில் பிடிக்காதது அதன் குழிக்குள்ளேயே கிடக்கும், பக்கத்துக் குழியைத் தொடாது. இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம், ஆனால் பிடிவாதக் குழந்தைக்கு எல்லாமே இதில்தான் இருக்கிறது. புது உணவைக் கண்டு ஒதுங்குவது இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருகிற இயல்பான கட்டம். அது மெல்ல மாற ஒரே உணவை 8 முதல் 15 தடவை வரை முன்னால் வைக்க வேண்டியிருக்கும் என்று குழந்தை உணவு நிபுணர்கள் சொல்வார்கள். சரி, கணக்குப் போடுங்கள். சாண்ட்விச்சுக்குள் 15 தடவை வைத்தால் 15 சாயங்காலம் சாப்பாடு வீணாகி, 15 சாயங்காலம் குழந்தை பசியோடு அழுது, அதற்குள் நாலாவது தடவையிலேயே நாம் அந்தக் காயை விட்டுவிடுவோம். நாங்கள் அப்படித்தான் கேரட்டை விட்டோம். தட்டில் 15 தடவை என்பது கட்டைவிரல் நகம் அளவுக்கு 15 துண்டுகள். அவ்வளவுதான் செலவு, அதனால் சலிக்காமல் வைக்க முடிகிறது.

சிவப்புக் குடைமிளகாயை அப்படித்தான் வைத்தேன். முதல் சில நாள் அந்தக் குழியின் பக்கம் பார்க்கவே இல்லை. ஒரு நாள் விரலால் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் எடுத்து நக்கிவிட்டு அதே குழியில், அதே பக்கம் மேலே தெரிகிற மாதிரி, திருப்பி வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கடித்தாள், மென்றாள், துப்பினாள். அடுத்த தடவை விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டாள். பாராட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்ன பிரிவினை இது: என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் முடிவு செய்ய வேண்டும், சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்பதை நிறுத்துவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ரொட்டியும் சீஸும் மட்டும் தின்றுவிட்டு இறங்கிப் போகிற நாளில் மனசு அடித்துக்கொள்ளும். இப்போது ஒரு நாளைப் பார்ப்பதில்லை, வாரத்தைச் சேர்த்துப் பார்க்கிறேன். சேர்த்துப் பார்த்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது.

தினமும் ஐந்து வகைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பொருளை மாற்றுவதைவிட வடிவத்தை மாற்றுவது சுலபம். கேரட்டைத் துருவினால் ஒன்று, மெல்லிய குச்சியாக வெட்டினால் ஒன்று, வேகவைத்து வட்டமாக வெட்டினால் இன்னொன்று, நாலு வயதுக்கு இவை மூன்று வேறு காய்கள். கொண்டைக்கடலை வைக்கிற நாளில் ஆரஞ்சுச் சுளையோ குடைமிளகாயோ கூட வைப்பேன், அவற்றிலுள்ள வைட்டமின் சி பயறின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

வேலை இருக்கிறது, மறைக்கவில்லை. ஞாயிறும் புதனும் அரை மணி நேரம்: முட்டை அவிப்பது, கடலை வேகவைப்பது, காய் வெட்டி டப்பாவில் போடுவது. முட்டை ஓட்டோடு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும், உரித்தால் அன்றே முடித்துவிடுவேன். ஆப்பிளைக் கடைசியில்தான் வெட்டுவேன், முன்பே வெட்டினால் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு. தட்டில் எதையும் இரண்டு துண்டுக்கு மேல் வைப்பதில்லை, கேட்டால் டப்பாவிலிருந்து எடுத்துத் தருவேன். அதனால் டப்பாவில் இருப்பது கை படாமல் நாளைக்கு ஆகும், அவள் எச்சில் பட்ட ரெண்டு துண்டு மட்டும்தான் குப்பைக்குப் போகும். சமைத்தது எதுவும் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. கழுவ டப்பாக்கள் சேரும், அது உண்மை.

வெட்டுவதில் கவனம் வேண்டும். திராட்சையையும் சின்னத் தக்காளியையும் நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள், பாதியாக வெட்டினால் போதாது. கொண்டைக்கடலையை விரலால் அழுத்தி நசுக்கிவிடுங்கள். முழு முந்திரி, பாதாம் ஐந்து வயதுக்குள் வேண்டாம், வேர்க்கடலையும் அப்படித்தான். அதோடு உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், ஓடிக்கொண்டே கூடாது.

வெளியே போகிற நாளில் தட்டு உதவாது, அன்று சாண்ட்விச்தான், அதுவும் இவள் சாப்பிடுவது உறுதியான சீஸ் மட்டும் வைத்து. நான் சொல்வதெல்லாம் ஒரே ஒரு குழந்தையை வைத்துத்தான். இரண்டு வயதுக்குக் கீழே இது எப்படி நடக்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தை, சாப்பிடுவதே நாலைந்து பொருள் என்று சுருங்கிக்கொண்டே வருகிற குழந்தை, சில உணவைத் தொட்டாலே குமட்டுகிற குழந்தை என்றால் தட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைத் தள்ளாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த வாரம் ஐந்தாவது குழியில் அவித்த பீட்ரூட். நேற்று அதன் சாறு வழிந்து பக்கத்துக் குழியில் இருந்த முட்டையின் ஓரம் இளஞ்சிவப்பாகிவிட்டது, இன்றைக்கு முட்டையும் போச்சு என்று நினைத்தேன். அந்த முட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், சாப்பிட்டாள், பீட்ரூட்டைத் தொடவில்லை. நாளைக்கு நாலாவது தடவை.