எந்த அளவு, எந்தக் கடை: கொழும்பில் எஸ்எம்டி தடையி வாங்குதல்

எஸ்எம்டி தடையிகளை, அதாவது துளையில் செருகும் கால்கள் இல்லாமல் பலகையின் மேற்பரப்பிலேயே பற்றாசு வைத்து ஒட்டப்படும் சிறு தடையிகளை, முதன்முறையாக வாங்கப் போகிறவர் ஓர் அளவைத் தேர்ந்துவிட்டால், அவருடைய லாச்சியும் சாவணமும் இனிமேல் வரையப்போகும் சுற்றுப்பலகைகளும் அந்த அளவுக்கே கட்டுப்பட்டுவிடும். ஆகவே எங்கே மலிவு என்று தேடுவதற்கு முன், எந்த அளவு தமக்குப் பொருந்தும் என்று பார்ப்பதே முறை. கையால் வேலை செய்கிறவர் நான்கு அளவுகளைப் பற்றி யோசித்தால் போதும்: 3.2 மி.மீ. நீளமும் 1.6 மி.மீ. அகலமும் கொண்ட 1206, 2.0 மி.மீ. நீளமும் 1.25 மி.மீ. அகலமும் கொண்ட 0805, 1.6 மி.மீ. நீளமும் 0.8 மி.மீ. அகலமும் கொண்ட 0603, 1.0 மி.மீ. நீளமும் 0.5 மி.மீ. அகலமும் கொண்ட 0402. என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டு மேசையில் வேலை செய்கிறவருக்கு 0805, வீட்டு மின்சாரத்தைத் தொடும் இடங்களுக்கு 1206, கை பழகிய பிறகு 0603.

பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்ன எண்கள் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கைக் கணக்காகக் கொண்டவை. இதே நான்கையும் மில்லிமீற்றர் முறையில் 3216, 2012, 1608, 1005 என்றும் எழுதுவார்கள். சிக்கல் என்னவென்றால், மில்லிமீற்றர் முறையிலும் 0603 என்று ஓர் அளவு உண்டு. அது அங்குல முறையில் 0201, அதாவது 0.6 மி.மீ. நீளம், 0.3 மி.மீ. அகலம். நான் ஒருமுறை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 0603 என்று மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வந்த, தடையிகளை வரிசையாக அடைத்த பட்டியைப் பிரித்தபோது உள்ளே கிடந்தவற்றை ரவை மணிகளுடன் கலந்தால் பிரித்தெடுக்க முடியாது. அன்றிலிருந்து எந்த அளவானாலும் மில்லிமீற்றரில் நீள அகலம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவதில்லை.

1206 க்கும் 0805 க்கும் இடையில் தெரிவு செய்கிறவர் எந்தப் பலகையில் வேலை செய்கிறார் என்பதே முக்கியம். துளையும் செப்புப் புள்ளியுமாக ஆயத்தமாக விற்கப்படும் டொட் போர்ட்டின் துளைகள் 2.54 மி.மீ. இடைவெளியில் இருப்பதால், அடுத்தடுத்த இரண்டு செப்புப் புள்ளிகளின் மேல் 1206 தாராளமாக அமர்ந்துகொள்ளும். 0805 உம் எட்டும், ஆனால் இரு முனைகளிலும் பிடிமானம் குறைவு. டொட் போர்ட்டிலேயே காலம் கழிக்கிறவருக்கு 1206 வாங்குவதில் தவறில்லை. பலகையை வடிவமைத்து வெளியே செய்விக்கிறவருக்கோ 1206 தேவைக்கு மிஞ்சிய இடத்தைப் பிடிக்கும்.

ஒரு தடையி கெடாமல் தாங்கக்கூடிய மின்வலுவைப் பொறுத்தவரை 1206 கால் வாற்று, 0805 எட்டில் ஒரு வாற்று, 0603 பத்தில் ஒரு வாற்று, 0402 பதினாறில் ஒரு வாற்று என்பது வழக்கமான தரம். 0805 இலிருந்து 0603 க்கு வரும்போது பரப்பளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தும் வலு ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தடையியின் வெப்பத்தில் பெரும்பகுதி அதன் இரு முனைகள் வழியாகப் பலகையின் செப்புக்குள் இறங்குவதே இதற்குக் காரணம். செப்பு குறைவான டொட் போர்ட்டில் உற்பத்தியாளரின் தரவுத்தாள் சொல்லும் வலுவை முழுதாக நம்பக்கூடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஓர் உதாரணம்: 12 வோல்ற்றில் 3 வோல்ற்று எல்ஈடி ஒன்றை 470 ஓம் தடையியுடன் எரித்தால் தடையியில் 0.17 வாற்று செலவாகும். 0805 இதைத் தாங்காது. 1206 தாங்கும், ஆனால் தொட்டால் சுடும். 0805 மட்டுமே கையில் இருப்பவர் 1 கிலோ ஓம் தடையிகள் இரண்டைச் சமாந்தரமாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 0.08 வாற்றுதான் வரும். என்னுடைய லாச்சியில் 1206 குறைவாக இருப்பதற்கு இந்த உபாயமே காரணம்.

வோல்ற்றளவில் அப்படிச் சமாளிக்க முடியாது. வாற்றைக் கணக்கிட்டுப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். நம் வீட்டு 230 வோல்ற்று மின்சாரத்தின் குறுக்கே 1 மெகா ஓம் தடையி ஒன்றை வைத்தால் செலவாகும் வலு 0.053 வாற்று மட்டுமே. ஆகவே 0805 போதும் என்று தோன்றும். ஆனால் 0805 இன் உயர்ந்தபட்ச வேலை வோல்ற்றளவு வழக்கமாக 150, 1206 க்கு 200, 0603 க்கு 75 அல்லது 50. 230 வோல்ற்று மின்சாரத்தின் உச்சி 325 வோல்ற்று. பழுதான எல்ஈடி மின்குமிழ் ஒன்றைத் திறந்து பாருங்கள். ஒரே பெறுமானமுள்ள 1206 தடையிகள் இரண்டோ மூன்றோ தொடராக நிற்பதை அநேகமாகக் காணலாம். அங்கே ஒன்று எரிந்திருந்தால் அதே அளவில்தான் மாற்ற வேண்டும், அதையும் மின்சாரத்தைத் துண்டித்து, மின்னைச் சேமித்து வைத்திருக்கும் கொள்ளளவி வெறுமையாகும்வரை பொறுத்திருந்துதான் செய்ய வேண்டும்.

0603 ஐப் பற்றிய பயம் மிகைப்பட்டது. நல்ல வெளிச்சமும், இரண்டு மூன்று மடங்கு உருப்பெருக்கமும், நுனி கூர்மையான சாவணமும் இருந்தால் அதைக் கையால் வைத்துவிடலாம். கொழும்பில் அதற்கு உண்மையான எதிரி தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. அதை நிறுத்தாவிட்டால் தடையி பறந்துவிடும். நிறுத்தினால் பத்து நிமிடத்தில் நெற்றி வியர்வை பலகையில் சொட்டும். 0805 ஓரளவு காற்றைப் பொறுத்துக்கொள்ளும். சித்திரை மாதத்து வெக்கையில் இது சிறிய விடயமல்ல. இன்னொரு வேறுபாடு எழுத்தில் இருக்கிறது. 10 கிலோ ஓம் 0805 தடையியின் முதுகில் 103 அல்லது 1002 என்று வாசிக்கலாம். ஒரு சதவீதத் துல்லியமுள்ள 0603 இலோ பெரும்பாலும் 01சி போன்ற குறியீடு இருக்கும். அதில் 01 என்பது 100 ஐயும், சி என்பது நூறால் பெருக்குவதையும் குறிக்கும், அட்டவணை பாராமல் அதை வாசிப்பது கடினம். 0402 இல் பொதுவாக எழுத்தே இருக்காது. கீழே விழுந்தால் தடையை அளந்து காட்டும் பல்மானிதான் சாட்சி. கையால் வேலை செய்கிறவருக்கு அது வேண்டாம்.

இனி வாங்கும் வழிகள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் பொருட்கள் விற்கும் கடைகளில் கால் முளைத்த பழைய தடையிகளைக் கேட்டவுடன் எண்ணித் தருவார்கள். எஸ்எம்டி என்றால் எல்லாப் பெறுமானமும் எல்லா அளவும் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போவது வீண் நடை. ஆனால் இருப்பதைக் கண்ணால் பார்த்து, அளந்து, அன்றே கொண்டுவரலாம். நான் ஒரு கடையில் நூறு கேட்டபோது, "தம்பி, இதை எண்ணிக் குடுக்க ஏலாது, துண்டா வெட்டித் தாறேன்" என்று சொன்ன கடைக்கார நானா, பட்டியை எட்ட எட்ட இழுத்து உத்தேசமாக வெட்டினார். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. 0603, 0805, 1206 மூன்றும் பட்டியில் 4 மி.மீ. இடைவெளியில் அமர்ந்திருப்பதால் நூறு தடையிகள் என்றால் 40 செ.மீ.; இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி அளப்பதுபோல அடிமட்டம் வைத்து அளந்து வாங்கலாம். 0402 க்கு மட்டும் இடைவெளி 2 மி.மீ.

இணையத்தில் வாங்கும் மாதிரிப் புத்தகம் இதற்கு நேர்மாறானது. 170 பெறுமானங்களில் தலா 25 வீதம் 4250 தடையிகள் ஒரே கோப்பில் வரும். எந்தச் சுற்றை எடுத்தாலும் தேவையான பெறுமானம் கையில் இருக்கும் என்ற நிம்மதியை வேறு எந்த வழியும் தராது. ஆனால் 10 கிலோ ஓம் பக்கம் இரண்டு மாதத்தில் காலியாகும், 8.2 மெகா ஓம் பக்கம் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சும். ஆகவே புத்தகத்தை ஒருமுறை மட்டும் வாங்கி, தீர்ந்துபோகும் பத்துப் பன்னிரண்டு பெறுமானங்களைப் பட்டித் துண்டுகளாக நிரப்பிக்கொள்வதே சிக்கனம் என்பது என் கணிப்பு.

டிஜி-கீ, மவுசர், எல்சிஎஸ்சி போன்ற பெரிய விநியோகஸ்தர்களிடம் உற்பத்தியாளரின் பெயரும் தரவுத்தாளும் உறுதியாகக் கிடைக்கும். அங்கே ஒரு தடையியின் விலையைவிட அதைக் கொழும்புக்குக் கொண்டுவரும் செலவே கணக்கு. 2022 இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டிய பிறகு, தடையிக்காக மட்டும் அங்கே கட்டளை போடுவதை நான் விட்டுவிட்டேன். நுண்செயலியோ உணரியோ வாங்கும்போது கூடவே ஒரு பட்டியைச் சேர்த்துக்கொள்வது வேறு. 5000 கொண்ட முழுச் சுருளை நான்கு நண்பர்கள் பங்கிட்டால் அது நியாயமான விலைக்கு இறங்கும். பழைய பலகையிலிருந்து கழற்றுவது இலவசம்தான், ஆனால் மின்னோட்டம் அளக்கும் ஆர்100 (0.1 ஓம்) போன்ற பெரிய தடையிகளைத் தவிர மற்றவை அந்த உழைப்புக்குப் பெறுமதியற்றவை.

தடையியின் மின்தடைப் படலம் தடித்ததா மெல்லியதா என்ற கேள்விக்குக் கொழும்பின் காலநிலையே பாதி விடை சொல்லும். அலுமினாத் தட்டில் ருதேனியம் ஒட்சைட்டுப் பசையைச் சுட்டு, லேசரால் செதுக்கிப் பெறுமானத்துக்குக் கொண்டுவரப்படும் தடித்த படலத் தடையி, ஒரு பாகை வெப்பநிலை மாற்றத்துக்குப் பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை மாறலாம். மெல்லிய படலத்தில் அது 25 ஆகவோ அதற்குக் குறைவாகவோ இருக்கும், விலை பல மடங்கு. ஆனால் கொழும்பில் ஓர் அறையின் வெப்பநிலை வருடம் முழுவதும் பத்துப் பாகைக்குள் அசைகிறது என்றால், தடித்த படலம் அதிகபட்சம் 0.1 சதவீதமே மாறும். பெரும்பாலான பொழுதுபோக்குச் சுற்றுகளுக்கு அது பொருட்டே அல்ல. மேலும், நிக்கல்-குரோமியத்தாலான மெல்லிய படலம், ஈரம் உட்புகுந்த நிலையில் மின்னோட்டம் பாய்ந்தால் அரித்துப்போகக்கூடியது. மெல்லிய ஒலிச்சமிக்ஞைகளைப் பெருக்குகிறவரும் துல்லிய அளவுகருவி செய்கிறவரும் மட்டும் அதைத் தேடட்டும்.

பற்றாசு பிடிக்கும் முறையிலும் போட்டி உண்டு. 183 பாகையில் உருகும் 63/37 (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) ஈயக் கம்பி, அரை மில்லிமீற்றர் தடிப்பில், ஊசி முனைக்குப் பதிலாக ஒன்றரை மில்லிமீற்றர் உளி முனை, பற்றாசைப் பரவச்செய்யும் பிளக்ஸ் சிறிதளவு: இவற்றால் 0805 பலகை முழுவதையும் முடித்துவிடலாம். ஒரு முனையில் முதலில் ஈயம் வைத்து, அதை உருக்கியபடி தடையியைச் சாவணத்தால் தள்ளி இருத்தி, பிறகு மறுமுனையை நிரப்ப வேண்டும். சூடான தட்டும் பற்றாசுப் பசையும் ஒரே நேரத்தில் ஐம்பது தடையிகளை ஒட்டித் தரும், பார்ப்பதற்கும் இன்பம். ஆனால் இரு முனைகளிலும் பசை சமமாக இல்லாவிட்டால் உருகிய ஈயத்தின் இழுவிசையில் தடையி செங்குத்தாக எழுந்து நிற்கும். பசையைக் குளிர்சாதனப் பெட்டியில், உணவோடு சேராமல் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். எடுத்தவுடன் திறந்தால் நம் ஈரக்காற்று அதில் வியர்த்துவிடும். மூடியபடியே சில மணிநேரம் விட வேண்டும்.

அதே ஈரக்காற்று தடையிகளின் முனையில் இருக்கும் வெள்ளீயத்தையும் மெல்ல மங்கச்செய்யும்; மங்கிய முனையில் பற்றாசு பரவாமல் உருண்டு நிற்கும். மாதிரிப் புத்தகத்தை இறுக மூடும் சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கும் ஒவ்வொரு பட்டித் துண்டின் ஓரத்திலும் பெறுமானத்தோடு வாங்கிய மாதத்தையும் எழுதி, பழையதிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறேன்.