முதுகுக் கட்டிக்கு "லேசர், தையலே இல்லை" என்று சொன்னால் முன்பணம் கட்டாதீர்கள்

சேலத்தில் முதுகு ஆபரேஷனுக்கு அலைந்துகொண்டிருப்பவர்கள், முக்கியமாக ஸ்கேனில் கீழ் முதுகில் கட்டி என்று வந்து பயந்துபோயிருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். என் அண்ணனுக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை.

அண்ணன் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் கீழே உட்கார்ந்து குனிந்து செய்யும் வேலை. அந்தத் தொழிலில் இடுப்பு வலி என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டாக்டரும் டிஸ்க் என்று சொல்லி மாத்திரையும் பெல்ட்டும் எழுதிக் கொடுத்தார். ஆனால் அண்ணி ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருந்தார். பகலில் வேலை செய்யும்போது இருப்பதைவிட ராத்திரி படுத்தால்தான் வலி அதிகமானது. நடுராத்திரியில் எழுந்து ஹாலில் நடந்தால் கொஞ்சம் அடங்கும். டிஸ்க் வலி பெரும்பாலும் படுத்தால் குறையும். படுத்தால் கூடுகிற வலி, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். நரம்புக் கட்டி சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் கீழ் முதுகின் மூன்றாவது எலும்பான எல்3-க்கு நேராக, நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறைக்குள் ஏறக்குறைய 2 செ.மீ. கட்டி இருப்பது தெரிந்தது.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1, எல்2 அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற நரம்புகள் குதிரைவால் மாதிரி ஒரு உறைக்குள் நீரில் தொங்குகின்றன. அங்கே வருகிற கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. நரம்பு உறையிலிருந்து வரும் ஷ்வானோமா பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, மெதுவாகத்தான் வளரும். தண்டுவடத்தின் அடியிலிருந்து இறங்கும் மெல்லிய இழையில் வரும் எபென்டிமோமா வகைக் கட்டியை, அந்தக் கட்டியின் மேலுறை கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும். உடைத்து எடுத்தால் அந்த நீர் வழியாகவே துகள்கள் பரவலாம். எலும்பில் வரும் கட்டியோ பல சமயம் மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் என்று வேறு இடத்துப் புற்றுநோய் பரவி வந்ததாக இருக்கும். அதற்கு வைத்தியமே வேறு. அதனால்தான் மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ கேட்கிறார்கள். நாங்கள் கேட்டபோது அந்த மருத்துவமனையில், "அதெல்லாம் வீண் செலவு" என்றார்கள்.

எங்களை டாக்டர் பார்த்ததைவிட அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர் பேசியதுதான் அதிகம். "லேசர்ல கரைச்சிடுவோம் சார், தையலே கிடையாது, மறுநாள் நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். மொத்தம் 1,90,000 ரூபாய் பேக்கேஜ். "நாலு நாள் தள்ளினா கால் விழுந்துடும்" என்று அண்ணியிடம் தனியாகச் சொல்லி அன்றைக்கே முன்பணம் வாங்கிவிட்டார்கள். உண்மையில் அவசரம் என்பதற்கு வேறு அடையாளங்கள் இருக்கின்றன: சிறுநீர் வராமல் அடைப்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் பலம் திடீரென்று குறைவது. இதில் எது வந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அண்ணனுக்கு இது எதுவுமே இல்லை.

லேசர் வைத்துக் கரைப்பது இந்தக் கட்டிக்கான ஆபரேஷனே அல்ல. முதுகைப் பெரிதாகத் திறக்காமல் செய்யும் சின்னத் துளை முறை என்பது உண்மையான, நல்ல முறைதான், அதைக் குறை சொல்லவில்லை. தோலில் 2, 3 செ.மீ. வெட்டி, சின்னதிலிருந்து பெரியதாக ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாய்களை இறக்கித் தசையை விலக்குவார்கள். எலும்பிலிருந்து தசையை உரிப்பதில்லை. ஒரு பக்க எலும்பை மட்டும் கொஞ்சம் எடுத்து, மைக்ரோஸ்கோப் வழியாக உறையைத் திறந்து, எந்த நரம்பு வேலை செய்கிறது என்று மின்தூண்டல் கொடுத்துப் பார்த்துக் கட்டியைப் பிரித்தெடுப்பார்கள். கடைசியில் அந்த உறையை நீர் கசியாமல் மூட வேண்டும். குறுகலான குழாய்க்குள் அதைத் தைப்பதுதான் மிகக் கஷ்டமான வேலை. கசிந்தால் தலைவலி, காய்ச்சல், மூளை உறைத் தொற்று வரை போகும். ஆக, "தையலே கிடையாது" என்பது பச்சைப் பொய். இந்த முறையில் ரத்தம் குறைவாகப் போகும், வலி குறையும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் கட்டி சிறியதாக, ஓரிரண்டு எலும்பு உயரத்துக்குள் இருந்தால்தான் பெரும்பாலும் இது பொருந்தும்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தபோது அண்ணன் முதுகில் ஒரு சாண் நீளத்துக்குக் கட்டு. கேட்டதற்கு, "உள்ளே போய்ப் பார்த்தால் சிக்கலாக இருந்தது, திறந்து செய்துவிட்டோம்" என்றார்கள். அப்படி மாற வேண்டி வருவது உண்டு, உயிருக்கும் நரம்புக்கும் நல்லது என்றால் அதுதான் சரி. அதற்காக நான் சண்டை போடவில்லை. ஆனால் பில் 3,40,000 ஆகியிருந்தது, பயன்படுத்தாத குழாய்க்கும் அதில் தனிக் கட்டணம். எடுத்த கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே என்றால் பதில் இல்லை. பிறகுதான் தெரிந்தது, சதையைப் பரிசோதனைக்கே அனுப்பவில்லை. இதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. என்ன கட்டி என்று தெரியாமல் அடுத்து என்ன செய்வது?

ஆபரேஷன் குறிப்பைக் கேட்டால் நாளை வா, நாளை வா என்று இழுத்தார்கள். நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதிமுறை சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு, அண்ணன் கையெழுத்தோடு பதிவுத் தபால் அனுப்பினோம். உடனே வந்தது. அதில் எங்களிடம் போட்டோ காட்டிப் பேசிய டாக்டர் பெயரே இல்லை, வேறொருவர் செய்திருக்கிறார். மைக்ரோஸ்கோப் என்றோ நரம்புக் கண்காணிப்பு என்றோ ஒரு வரிகூட இல்லை.

வலி திரும்பியது. வேறொரு ஊரில் கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் கட்டியில் பாதிக்கு மேல் அங்கேயே இருந்தது. மறுபடியும் ஆபரேஷன். முதல் ஆபரேஷனின் தழும்பில் நரம்புகள் ஒட்டிக்கிடந்ததால் சின்னத் துளை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அந்த டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பயாப்ஸியில் ஷ்வானோமா, புற்றுநோய் இல்லை. அண்ணன் இப்போது நடக்கிறார். வலது பாதத்தை மட்டும் முழுசாகத் தூக்க வரவில்லை. கீழே உட்கார்ந்து பற்றவைக்கும் வேலையைத் தம்பி மகன்தான் செய்கிறான்.

நீங்கள் முன்பணம் கட்டும் முன் நேராக டாக்டரிடமே கேளுங்கள்: கத்தி பிடிக்கப்போவது நீங்கள்தானா, இந்த மாதிரிக் கட்டி எத்தனை எடுத்திருக்கிறீர்கள், மைக்ரோஸ்கோப்பும் நரம்புக் கண்காணிப்பும் உண்டா, திறந்து செய்ய வேண்டி வந்தால் செலவு எவ்வளவு, சதை எந்த லேபுக்குப் போகும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேன் சிடி உங்கள் கையில் இருக்கட்டும், இன்னொரு நரம்பியல் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், அதையும் விசாரியுங்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்களுக்கு: பணம் கட்டிப் பெற்ற மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2 வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. சேலம், ஏற்காடு பக்கம் யாருக்காவது இதே "தையல் இல்லை" வாக்குறுதி கொடுத்துப் பணம் வாங்கியிருந்தால் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எங்கள் மனுவை எழுதிய விதத்தை அப்படியே தருகிறேன்.