மடக்குப் பெட்டி குரோனோகிராஃப்: வெளிச்சமும் உப்புக்காற்றும் சேர்ந்து எடுக்கும் அளவு

இரண்டு ஒளி சென்சார்களுடன் மடக்கு பெட்டியாக வரும் ஏர்கன் குரோனோகிராஃப் (காற்றுத் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) ஒன்றை நாகர்கோவிலில் வைத்துப் பயன்படுத்தியும், அது பழுதானபோது திறந்து சரிசெய்தும் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம், ஆனால் எண் தவறாக வரும்போது கருவியைத் திறப்பதற்கு முன் மேலே இருக்கும் வெளிச்சத்தைப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கே இது பயன்படும்.

கருவி வேலை செய்யும் முறை எளிமையானது. பெட்டியின் முன்புறம் ஒரு சென்சாரும் பின்புறம் ஒரு சென்சாரும் மேல்நோக்கிப் பார்த்தபடி இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 30 செ.மீ. இடைவெளி. பெல்லட் (ஏர்கன்னின் சிறு குண்டு) மேலே கடக்கும்போது விழும் நிழலை முதல் சென்சார் கண்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கி, இரண்டாவது சென்சார் கண்டதும் நின்றுவிடும். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் அந்த இடைவெளியைக் கடக்க 1.8 மில்லி விநாடிகூட ஆகாது. அந்த நேரத்தைத் துல்லியமாக எண்ணுவது இன்றைய மின்னணுச் சில்லுக்குப் பெரிய வேலை இல்லை. நிழல் எது, நிழல் அல்லாதது எது என்று பிரித்தறிவதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

இதை வாங்க இரண்டு நியாயமான காரணங்கள் உண்டு. முதலாவது சட்டம். 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துளை விட்டம் 4.5 மி.மீ.க்கோ குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கோ மேற்பட்டால் ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் தேவைப்படும். பெல்லட்டின் எடையைக் கிராமிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றும் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கி 2000 ஆல் வகுத்தால் ஆற்றல் ஜூலில் வந்துவிடும். 0.53 கிராம் பெல்லட் 170 மீட்டர் வேகத்தில் சென்றால் ஏறத்தாழ 7.7 ஜூல், அதே பெல்லட் 275 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல் எல்லைக்கே வந்துவிடும். வேகத்தின் வர்க்கம் கணக்கில் நுழைவதால், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பி இருப்பவர்கள் ஒருமுறையாவது அளந்து பார்ப்பது நல்லது. விளம்பர எண்கள் பெரும்பாலும் மிக லேசான பெல்லட்டை வைத்து எடுக்கப்படுபவை.

இரண்டாவது காரணம், துப்பாக்கியின் உடல்நிலை. ஸ்பிரிங் தளர்ந்தாலும் பிஸ்டன் வாஷர் தேய்ந்தாலும் வேகம் மெல்ல இறங்கும். இலக்கில் அது தெரியவருவதற்கு முன்பே குரோனோகிராஃபில் தெரிந்துவிடும். எண்ணெய் அதிகமாக விட்ட துப்பாக்கியில் சிலிண்டருக்குள்ளேயே எண்ணெய் பற்றி எரிவதால் முதல் சில சுடுதல்களில் வேகம் தாறுமாறாக ஏறும். அந்த எண்ணைப் பார்த்து 'நல்ல துப்பாக்கி' என்று மகிழ்வது பேதைமை. பத்துச் சுடுதல்களில் மிக அதிகமான வேகத்துக்கும் மிகக் குறைந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசமே உண்மையைச் சொல்லும். சராசரி அவ்வளவு சொல்லாது.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். இந்தக் கருவிக்கு மிகவும் பிடித்தது மேகம் மூடிய சமமான வானம். தென்மேற்குப் பருவத்தில் மழை இடைவிடும் நேரங்களில் நம் மாவட்டத்து வானம் இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். உச்சி வெயிலில் நேரடியாகச் சென்சாருக்குள் ஒளி விழுந்தால் பெல்லட்டின் நிழல் கரைந்து போகும். கூடவே வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் தடுப்புகளைக் கம்பிகளில் மாட்டினால்தான் சரிவரும். ரப்பர் தோட்டத்தின் நிழல் அதற்கு நேர் எதிரான தொல்லை, அங்கே வெளிச்சமே போதாது. தென்னை நிற்கும் கொல்லையில் வைத்தால் இன்னும் வேடிக்கை: காற்றில் ஓலை அசையும்போதெல்லாம் துப்பாக்கியைத் தொடாமலேயே திரையில் ஒரு வேகம் வந்து நிற்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓலை மட்டுமல்ல, ஸ்டாண்டும் ஆடும். காலில் செங்கல் வைத்துக் கட்டுவது தவிர வேறு வழியில்லை.

வீட்டுக்குள் பயன்படுத்த நினைப்பவர்கள் டியூப்லைட்டை நம்ப வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது, மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவும் அப்படியே. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பைச் சென்சார் ஒவ்வொரு முறையும் கண்டுகொள்கிறது. பழைய குண்டு பல்பு, அல்லது பேட்டரியில் எரியும் எல்.இ.டி. பட்டை, இரண்டில் ஒன்றைத் தடுப்புகளுக்கு மேலே கட்டிவிட்டால் தொல்லை தீரும். துப்பாக்கியின் வாயை முதல் சென்சாரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். வாயிலிருந்து சீறி வரும் காற்றும் எண்ணெய்ப் புகையும் முதல் சென்சாரைத் தூண்டிவிடும்.

பழுது வந்தது இரண்டாவது சென்சாரில் என்று திரை சொன்னது: சில சுடுதல்கள் சரியாக வரும், பிறகு பிழை எண் வரும், பெட்டியை மூடித் திறந்தால் மீண்டும் வேலை செய்யும். இணையத்தில் விற்றவர் கொடுத்த பதில், வெளிநாட்டுக்கு அனுப்புங்கள், கூரியர் செலவு உங்களுடையது என்பது. அந்தச் செலவில் இன்னொரு கருவிக்கு முன்பணம் கட்டிவிடலாம். எனவே மார்த்தாண்டத்தில் டி.வி., ரேடியோ பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் மல்டிமீட்டரை, ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் நிலையில் வைத்து, பெட்டியை மெல்ல மூடித் திறந்தபடியே கீலைக் கடக்கும் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். மூன்றாவது ஒயரில் 'பீப்' ஒலி விட்டுவிட்டு வந்தது. "ஐ.சி. போகல அண்ணாச்சி, ஒயரு உள்ளுக்குள்ள முறிஞ்சிருக்கு" என்றார். மேலுறை புதிது போலவே இருந்தது. உள்ளே செம்பு இழைகள் மடிந்து மடிந்து அறுந்திருந்தன. மடக்குப் பெட்டி வடிவத்தின் பிறவிக் குறை இது. அந்த ஒயர்களை எல்லாம் வளையும் தன்மையுள்ள சிலிக்கோன் உறை ஒயராக மாற்றி, கீலின் அருகே ஒரு சிறு சுருள் விட்டுப் பற்றவைத்துக் கொடுத்தார். வாங்கிய கூலி மிகக் குறைவு.

திறந்தபோது பேட்டரி அறையும் கண்ணில் பட்டது. 9 வோல்ட் பேட்டரியின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கடலோரக் காற்று ஒரு பங்கு, கசிந்த பேட்டரி மறு பங்கு. அல்கலைன் பேட்டரி கசிந்தால் அது காரம். ஓரிரு துளி வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்ய வேண்டும். சென்சார் கண்களில் படிந்த தூசியையும் அதே ஆல்கஹாலால் துடைக்கலாம்.

பழுது பார்த்தபின் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சென்சார்களின் இடைவெளி மாறியிருக்கக் கூடாது. கீலில் ஒரு மில்லிமீட்டர் தளர்வு வந்தாலே 30 செ.மீ.க்கு 0.33 விழுக்காடு பிழை, அதாவது 170 மீட்டரில் அரை மீட்டருக்கு மேல். நண்பரின் கருவியை வரிசையில் பின்னால் வைத்து ஒரே பெல்லட்டை இரண்டிலும் கடக்கவிட்டுப் பார்த்ததில், இரண்டாவது எண் சற்றே குறைவாக வந்தது. காற்றுத் தடையால் அப்படித்தான் வரவேண்டும்.

வெளிச்சத்தோடு போராட விருப்பமில்லாதவர்களுக்குக் குழல்வாயில் மாட்டும் அகச்சிவப்பு வகை இருக்கிறது. தன் ஒளியைத் தானே கொண்டுவருவதால் இரவிலும் அளக்கும், ஓலை ஆடினாலும் கவலையில்லை. ஆனால் ஸ்பிரிங் துப்பாக்கியின் வாயில் கூடுதல் எடை தொங்குவதால் அளக்கும்போது குறி மாறும், மேலும் நான் பார்த்த ஒன்றில் உள்ளே எல்லாம் பிசினால் மூடப்பட்டிருந்தது. அதைத் திறந்து ஒயர் மாற்ற எந்த மெக்கானிக்காலும் முடியாது. ரேடியோ அலையால் வேகத்தை அளக்கும் டாப்ளர் ராடார் வகை இரண்டையும்விட வசதியானது, விலைதான் எட்டாது.

நான் மடக்குப் பெட்டியையே வைத்துக்கொண்டேன். இப்போது வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வைக்கிறேன். திரைக்குப் பின்விளக்கு இல்லாத குறை மட்டும் அப்படியே இருக்கிறது. மாலையில் எண்ணைப் படிக்கக் கைபேசி விளக்கை அடிக்க வேண்டும், அதையும் அடுத்த சுடுதலுக்கு முன் அணைத்துவிட வேண்டும்.